மதகும் போர்வெல்லும்: ஒரே தண்ணீர், ஒரே கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொன்ன தலைப்பு "விவசாயமும் கடனும்". அதில் ஒரே ஒரு கடனைப் பற்றி மட்டும் பேசிக்கிறேன். போர் போடுறதுக்கு வாங்குற கடன். மாடு வாங்கக் கடன் கேட்டா மாட்டைப் பார்க்கிறோம். தறி வைக்கக் கடன் கேட்டா தறி போட இடம் இருக்கான்னு பார்க்கிறோம். போருக்குக் கடன் கேட்டா மட்டும் என்னத்தைப் பார்க்கிறது? பூமிக்குள்ள இருக்கிறது யார் கண்ணுக்குத் தெரியுது? தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் நடக்கிறார், "இங்க போடு"ன்னு புள்ளி காட்டுறார், மறுநாள் ரிக் வண்டி வந்து நிக்குது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாம செலவு. தண்ணீர் வந்தா கடன் அடையும். புகை வந்தா வளையல் போகும்.

என் குழுவிலேயே ஒரு அக்கா இருக்காங்க. முதல் போர் 300 அடி. அது வத்திப்போச்சு. ரெண்டாவது 650 அடி, ரெண்டு வருஷம் ஓடுச்சு. மூணாவது போரில் தூசிதான் வந்தது. நிலத்தில் பயிர் இல்லை, ஆனா மாசம் தவறாம தவணை கட்டுறாங்க. எதில் இருந்து? தறிக்கூலியில் இருந்து. அதாவது வயல் தோத்ததுக்குத் தறி அபராதம் கட்டுது.

இதுக்கு விதியைக் குறை சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஏன் வத்துச்சு என்று கேட்டுப் பார்த்தால், பதில் அவங்க நிலத்துக்குள்ள மட்டும் இல்லை. ஏரியில இருக்கு, ஆத்துல இருக்கு, அணையில இருக்கு, சென்னைக்குப் போற குழாயில இருக்கு. மேலே ஓடுற தண்ணீரை யாருக்கு, எப்படிப் பங்கு வைக்கிறதுன்னு சர்க்கார் எடுக்கிற முடிவு, கீழே இருக்கிற தண்ணீரை நாம எவ்வளவு உறிஞ்சுறோம் என்பதைத் தீர்மானிக்குது. இதைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

ஏரி நிரம்பினால் கிணறு நிரம்பும்

வயசான அம்மாக்களுக்கு நினைவு இருக்கும். அந்தக் காலத்தில் கிணறு நாற்பது அடி, ஐம்பது அடி. படி இறங்கிப் போய் தண்ணி மொண்டாங்க. கவலை கட்டி மாட்டை வச்சு இறைச்சாங்க. மாடு எவ்வளவு நேரம் இழுக்குமோ அவ்வளவுதான் இறைக்க முடியும். ராத்திரி கிணறு ஊறிக்கும். ஏரி நிரம்பின வருஷம், கரைக்குக் கீழே இருக்கிற கிணறு எல்லாம் கையால மொள்ளுற அளவுக்கு ஏறும்.

நம்ம பூமி பாறை பூமி. மேல மண்ணு, அதுக்குக் கீழே மக்கின பாறை, அதுக்கும் கீழே கெட்டிப் பாறை. மக்கின பாறையில்தான் தண்ணீர் தாராளமாகத் தங்கும். கெட்டிப் பாறையில் வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும்தான் தண்ணீர். மழை பெய்தால் இந்த மாதிரி பூமியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கீழே இறங்கும். மீதி ஓடிப்போகும், இல்லேன்னா ஆவியாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமக்கு வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழைன்னு வச்சுக்குவோம். ஒரு ஏக்கர் மேல விழுற தண்ணீர் சுமார் 40 லட்சம் லிட்டர். அதில் கீழே இறங்குறது சுமார் 4 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு, ஒரு போகத்துக்கு, மழையும் பாசனமும் சேர்த்து ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேணும். அது 48 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊத்தினா 400 லாரி. வயலில் நிக்கிற தண்ணீரில் கொஞ்சம் திரும்பவும் கீழே இறங்கும், சரி, அதைக் கழிச்சுக்குங்க. கழிச்சாலும், அந்த ஒரு ஏக்கர் மேல விழுற மழையை மட்டும் நம்பி அந்த ஏக்கரில் போர்த் தண்ணீரில் நெல் வைக்க முடியாதுன்னு தெரியுது இல்லையா?

அப்போ நம்ம முன்னோர் எப்படி வச்சாங்க? அவங்க ஏக்கர் மேல விழுந்த மழையை மட்டும் நம்பலை. மலையில, மேட்டுல விழுந்த மழையை எல்லாம் வரத்துக்கால் வழியாக் கொண்டுவந்து ஏரியில் நிறுத்தினாங்க. மதகு வழியா வயலுக்கு ஒரு பங்கு, கசிவாக் கிணத்துக்கு ஒரு பங்கு. ஒரு ஏரி நிரம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். ஊருக்கே அது சேமிப்புக் கணக்கு. நாம வாரா வாரம் குழுவில் சேமிப்புப் போடுறோமே, அது மாதிரி.

கணக்கு எங்கே மாறியது

1960-களில் தமிழ்நாட்டில் பாசனம் நடந்த நிலத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல ஏரிப் பாசனம். கிணத்துப் பாசனம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இன்னைக்குக் கிணறும் போரும் பாதிக்கு மேல. ஏரி ரொம்பவே சுருங்கிப்போச்சு. இது தானா நடந்தது இல்லை.

ஏரியைப் பராமரிக்கிற வேலை ஒரு காலத்தில் ஊர் வேலை. குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரன் 1858-இல் அதுக்குச் சட்டமே போட்டான். ஆனா ஏரியின் வருமானம் சர்க்காருக்கு, மண்வெட்டி வேலை ஊருக்கு என்று ஆனதும், ஊருக்கு அதில் பிடிப்பு விட்டுப்போச்சு. பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதுக்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிச்சாங்க. 2021-இல் இருந்து பெரிய ஏரிகளை நீர்வளத் துறை பார்க்குது. வரத்துக்கால் போற நிலம் வருவாய்த் துறை, ஏரிக்குள்ள மரம் வனத்துறை என்று இருக்கிற இடங்களும் உண்டு. ஒரு ஏரிக்கு நாலு வாசல். எந்த வாசலில் தட்டினாலும் பக்கத்து வாசலைக் காட்டுவாங்க.

அதே காலத்தில் மோட்டார் வந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மானாவாரி நிலம் வச்சிருந்த குடும்பம் எத்தனையோ அதனால் தலை நிமிர்ந்தது. ஆனா சர்க்கார் ஒரு கையால மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தது, இன்னொரு கையால ஏரியை விட்டுடுச்சு. எடுக்கிறது சுலபமாச்சு, போடுறது நின்னுபோச்சு. குழுவில் சேமிப்பே போடாம எல்லாரும் கடன் மட்டும் எடுத்தா கணக்குப் புத்தகம் எத்தனை மாசம் தாங்கும்?

ஆறு நம்ம ஊர் வழியாத்தான் போகுது

அடுத்து ஆத்துக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்ம மாநிலத்தோட சேர்ந்தது. ம.பொ.சி. ஐயா முதலானவங்க பட்ட பாடு அது. எல்லை மாறுச்சு, ஆனா ஆறு எல்லையைப் பார்த்து ஓடலை. கொசஸ்தலை ஆத்தோட மேல்பகுதி சித்தூர் பக்கம்தான் இருக்கு. அங்கே கிருஷ்ணாபுரம் அணை, நாம அம்மப்பள்ளி அணைன்னு சொல்றது. பெருமழையில் அதைத் திறந்தா பள்ளிப்பட்டில் தரைப்பாலம் முழுகும். மத்த நாளில் ஆத்துல மணல்தான் தெரியும்.

2022-இல் அந்த ஆத்தின் குறுக்கே கத்தரப்பள்ளி, முக்களகண்டிகை என்ற ரெண்டு இடத்தில் நீர்த்தேக்கம் கட்ட ஆந்திர அரசு முனைஞ்சப்போ, வேண்டாம்னு நம்ம முதலமைச்சர் அந்த மாநில முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பேப்பரில் வந்த சேதி. நாம படிச்சிட்டு, யாரோ ரெண்டு சர்க்கார் பேசிக்கிறாங்கன்னு புரட்டிட்டுப் போயிட்டோம். ஆத்தங்கரையில் கிணறு வச்சிருக்கிற குடும்பத்துக்கு அது சொந்த வீட்டுச் சேதி. ஆத்துல பத்து நாள் தண்ணி ஓடுறதும் முப்பது நாள் ஓடுறதும் கிணத்துல வித்தியாசம் காட்டும்.

இது மேல்பக்கம். கீழ்ப்பக்கம் என்ன? பள்ளிப்பட்டு, சொரக்காய்பேட்டை வழியாப் போற ஆறு பூண்டியில் போய் நிக்குது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிச்சது, சென்னைக் குடிநீருக்காக. அது பத்தாமல், 1983-இல் ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டாங்க. வருஷத்துக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீர் எல்லையில் கொடுக்கணும். 1996-இல் முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. ஒப்பந்தப்படி முழுசா வராத வருஷங்கள் நிறைய.

அப்படி வராத வருஷம் சென்னை என்ன செய்யும்? பூமியைத் தோண்டும். எங்கே? நம்ம மாவட்டத்துல. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் 1960-களில் ஆய்வு பண்ணி சர்க்காரே குழாய்க் கிணறு போட்டது. 2000-க்குப் பிறகு வந்த வறட்சிகளில் விவசாயிகளின் கிணத்துத் தண்ணீரையே விலைக்கு வாங்கினாங்க. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மேல உறிஞ்சினதில் கடல் தண்ணீர் நிலத்தடியில் உள்ளே வந்திடுச்சு. உப்பு ஏறின கிணத்தை எந்தக் கடனாலும் திருப்பி இனிப்பாக்க முடியாது.

சென்னையில் தண்ணி குடிக்கிறவங்க வேற யாரோ இல்லை. நம்ம பிள்ளைங்கதான் அங்கே வேலைக்குப் போயிருக்கு. குடிக்கத் தண்ணி கொடுக்கக்கூடாதுன்னு சொல்ற வாய் நமக்கு இல்லை. ஆனா ஒண்ணை யோசிக்கணும். கிணறு வச்சிருக்கிறவர் பயிரை நிறுத்திட்டுத் தண்ணியை வித்தா அவருக்குப் பணம் வரும். அந்த வயலில் நாத்து நட்ட, களை எடுத்த கூலிக்காரிக்கு என்ன வரும்? பக்கத்து வயல்காரி கிணறு இறங்கினா அவளுக்கு யார் ஈடு கொடுப்பாங்க? இந்தக் கேள்வி ஒப்பந்தத் தாளில் எழுதப்படுறது இல்லை. கேட்க வேண்டியது நாமதான்.

மதகை மூடினால் யாருக்கு லாபம்

இன்னொரு விஷயம் ஊருக்குள்ளேயே நடக்குது. பல ஊர்களில், ராயலசீமாவிலும் நம்ம தமிழ்நாட்டிலும், ஏரி மதகைத் திறக்காம மூடியே வச்சிருக்காங்க. தண்ணீர் ஏரியிலேயே நின்னு கிணத்துக்கு ஊறட்டும் என்பது யோசனை. கேட்க நல்லாத்தான் இருக்கு. கிணறும் ஊறும். ஆனா கிணறு யாருக்கு இருக்கு? அரை ஏக்கர் ஆயக்கட்டு மட்டும் வச்சிருக்கிற அம்மாவுக்குக் கிணறு கிடையாது. மதகு திறந்தா அவளுக்குப் பங்கு உண்டு. மூடினா, பக்கத்துக் கிணத்துக்காரரிடம் மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்துத் தண்ணி வாங்கணும். தன் பங்குத் தண்ணியையே காசு கொடுத்து வாங்குற நிலை.

அதனால மூடுறது நல்லதா, திறக்கிறது நல்லதா என்று நான் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது வருஷத்துக்கு வருஷம், ஏரிக்கு ஏரி மாறும். முடிவு எடுக்கிற இடத்தில் கிணறு இல்லாதவளும் இருக்கணும். அவ்வளவுதான் என் பேச்சு. இப்போ அவள் இருக்காளா? 2000-ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைகிற நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலம் யார் பேரில் இருக்கோ அவங்களுக்குத்தான் ஓட்டு. நம்ம வீட்டுப் பட்டா பெரும்பாலும் யார் பேரில்? மாமனார் பேரில், புருஷன் பேரில். ஏரியில் நூறு நாள் வேலையில் மண்ணு சுமந்தது மட்டும் யாரு? அங்கே வரிசையில் நிக்கிறவங்களில் பெரும்பாலோர் பெண்கள். மண்ணு சுமக்கிற தலைக்கு மதகு பற்றிப் பேச உரிமை இல்லையா?

பக்கத்து வீட்டில் நடந்தது

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு நல்ல விஷயம் சொல்றேன். 2000-களில் ஆந்திராவில் ஏழு மாவட்டங்களில், அதில் சித்தூரும் ஒண்ணு, விவசாயிகளே நிலத்தடி நீரை அளக்கிற திட்டம் ஒண்ணு நடந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு துணை நின்றது. ஆணும் பெண்ணுமா ஊர்க்காரங்களே மழையை அளந்தாங்க, கிணத்துல கயிறு விட்டு மட்டம் அளந்தாங்க. அதை ஊர்ச் சுவத்துல எல்லாரும் பார்க்க எழுதி வச்சாங்க. பருவம் தொடங்கும்போது உட்கார்ந்து, பூமிக்குள்ள இவ்வளவு இருக்கு, நாம நினைச்ச பயிருக்கு இவ்வளவு வேணும் என்று வரவு செலவு போட்டாங்க. நெல் வைக்காதேன்னு யாரும் தடை போடலை. கணக்கு கண்ணுல தெரிஞ்சதும் பல ஊர்களில் தாங்களாவே நெல்லைக் குறைச்சு, குறைஞ்ச தண்ணீர்ப் பயிருக்கு மாறினாங்க.

அக்கா, வரவு செலவு எழுதுறது நமக்குப் புதுசா? தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் எழுதுறோம். இன்னொரு புத்தகம் எழுத முடியாதா?

நம்ம கூட்டமைப்பு செய்யக்கூடியது

நான் நாலு விஷயத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன். பிடிச்சிருந்தா பொதுக்குழுவில் தீர்மானமாக்குங்க.

ஒண்ணு, போர் கடன் கேட்டு வந்தால் குழு நாலு கேள்வி கேட்கணும். சுத்தியிருக்கிற போர் எத்தனை அடி, கடைசி மூணு வருஷத்தில் எத்தனை வத்துச்சு? பழைய கிணத்தை ஆழப்படுத்தவோ, மழைத் தண்ணியை அதில் விடவோ வழி இருக்கா? என்ன பயிர் வைக்கப் போறீங்க? தண்ணீர் வராமல் போனால் தவணை எதில் இருந்து? இது கடனை மறுக்கிறதுக்கு இல்லை. அந்தக் குடும்பத்தைக் காப்பாத்துறதுக்கு. நிலத்தடி நீர்த் துறைகள் தமிழ்நாட்டில் பகுதி பகுதியாகக் கணக்கு எடுக்கிறாங்க. ஊறுறதைவிட எடுக்கிறது அதிகமா இருந்தா, "மிகை நுகர்வு" பகுதி என்று பேர். நம்ம பகுதி எந்த வகையில் இருக்குன்னு கேட்டு அலுவலகச் சுவத்துல எழுதி வைப்போம்.

ரெண்டு, மாசம் ஒரு நாள் கிணறு அளக்கிறது. பௌர்ணமி அன்னைக்குன்னு வச்சுக்கலாம், மறக்காது. ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு கிணறு. கயிறு, கல், அளவு நாடா போதும். செலவு நூறு ரூபா ஆகாது. அளந்ததைக் குழுக் கூட்டத்தில் படிக்கணும்.

மூணு, பயிருக்கும் சொட்டு நீருக்கும் கடன். கரும்புக்கு ஒரு ஏக்கருக்கு சுமார் 80 லட்சம் லிட்டர் ஆகும். நெல்லுக்கு 48 லட்சம்னு பார்த்தோம். வேர்க்கடலைக்கு 20 லட்சம், கேழ்வரகுக்கு 14 லட்சம் அளவில் முடியும். கரும்பும் நெல்லும் வைக்கிறவங்களுக்கு அவங்க கஷ்டம் அவங்களுக்குத் தெரியும். விலை உறுதியா இருக்கிற பயிரைத்தான் வைப்பாங்க. அதனால கடலை, கேழ்வரகு, காய்கறிக்கு விற்பனை வழியைக் கூட்டமைப்பு சேர்ந்து தேடணும். சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. மத்தவங்களுக்கு 75 சதவீதம். சிறு, குறு விவசாயி சான்றிதழ் வாங்கிட்டு வேளாண் அலுவலகத்துக்குப் போறவங்களோட நம்ம பிரதிநிதி ஒருத்தர் துணைக்குப் போகட்டும்.

நாலு, கிராம சபை. இப்போ வருஷத்துக்கு ஆறு நாள் நடக்குது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அங்கே பேசப் பட்டா கேட்க மாட்டாங்க. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தா போதும். போறதுக்கு முன்னாடி நாம எல்லாரும் சேர்ந்து ஏரியைச் சுத்தி ஒரு தடவை நடந்து பார்ப்போம். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கு, எங்கே ஆக்கிரமிப்பு, மதகு ஷட்டர் திறக்குதா, கலங்கல் உடைஞ்சிருக்கா என்று எழுதிட்டுப் போய், தீர்மானப் புத்தகத்தில் ஏத்தச் சொல்லுவோம். எந்த ஏரி யார் பொறுப்புன்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா நாலு வாசல் அலைச்சல் மிச்சம். வண்டல் மண் வேணும்னா, 2024-இல் இருந்து வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம்னு ஆகியிருக்கு. வயலுக்கு எருவும் ஆச்சு, ஏரிக்கு ஆழமும் ஆச்சு.

ஒரு அக்கா கேட்டாங்க, "ரெண்டு சர்க்கார் பேசுற ஆத்து விஷயத்தில் நாம என்ன பண்ண முடியும்?" என்று. பெரிய அணையை நாம தடுக்கவோ திறக்கவோ முடியாதுதான். ஆனா கொசஸ்தலை தண்ணீர் பற்றிப் பேச்சு நடக்கும்போது, நடுவில் இருக்கிற ஊர்களின் கிணத்து மட்டம் என்னன்னு கேட்டா, நம்ம நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும். எழுதி வச்சவன் பேச்சுக்குத்தான் கலெக்டர் ஆபீசில் மதிப்பு. வாயால் சொன்ன கஷ்டம் வாசலோடு போயிடும்.

நாம குழு ஆரம்பிச்ச புதுசில் பத்து ரூபா, இருபது ரூபா சேமிச்சப்போ சிரிச்சவங்க உண்டு. இன்னைக்கு அதே குழுவுக்கு வங்கி நாற்காலி போட்டுக் கொடுக்குது. தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான் சின்னதா ஆரம்பிக்கும். வர்ற பௌர்ணமிக்கு எந்த ஊரில் யார் கயிறு பிடிக்கிறீங்கன்னு, விழா முடிஞ்சு சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம செயலாளர் அக்காகிட்டப் பேர் கொடுத்துட்டுப் போங்க.